போர்வையைப் படம் பிடித்தால் பிரிண்ட் ஆகிவிடாது

கேள்வி: ஈரோட்டில் பத்து மிஷின் போட்டு குர்த்தியும் நைட்டியும் தைத்துக் கொடுக்கிறேன். ஆன்லைனில் விற்கும் பெங்களூர் பையர் ஒருவர் ‘டிரைபல் கலெக்‌ஷன்’ என்று 600 பீஸ் கேட்கிறார். ஊட்டிக்குப் போனபோது ஒரு தோடர் அம்மாவிடம் வாங்கிய போர்வை வீட்டில் இருந்தது. அதன் வழவழப்பான நல்ல பக்கத்தைப் படமெடுத்து, சிவப்புக்கு ஒன்று கறுப்புக்கு ஒன்று என இரண்டு ஸ்கிரீன் செய்து, 40 மீட்டர் சாம்பிளும் அடித்துவிட்டோம். படம் இணைத்திருக்கிறேன். ‘அதுக்கு ஜிஐ (புவிசார் குறியீடு) இருக்கு, கேஸ் போட்ருவாங்க’ என்று தம்பி பயமுறுத்துகிறான். பிரிண்ட் மாஸ்டரோ ‘முப்பது பர்சன்ட் மாத்திட்டா எவனும் கேக்க முடியாது’ என்கிறார். எது சரி? கம்ப்யூட்டர் டிசைனர் ஒரு ‘டிரைபல் பேக்’ கொடுத்திருக்கிறார், அதில் வார்லி என்ற பழங்குடி ஓவியமும் இருக்கிறது. அதையாவது அடிக்கலாமா? டேகில் என்ன போடுவது? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் தம்பி சொல்வது பாதி சரி. பிரிண்ட் மாஸ்டர் சொல்வது முழுக்கத் தப்பு. இந்த முப்பது பர்சன்ட் கதையை நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் இருபது என்பார்கள், சிலர் ‘ஏழு இடத்தில் மாற்றினால் போதும்’ என்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை, டிசைன் சட்டத்திலும் இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு ‘இது அதேதானே’ என்று படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை.

சட்டம் இருக்கட்டும். முதலில் உங்கள் சாம்பிளைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் கேஸே வராது என்று வைத்துக்கொண்டாலும் அந்தத் துணியை நான் அனுப்ப மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய படத்தை விரித்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டையின் ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி வந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஸ்கிரீன் சரியில்லை என்று மாஸ்டரைத் திட்டியிருப்பீர்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. அது நூலின் நிழல். போட்டோவில் விழுந்த நிழலைக் கம்ப்யூட்டர் புள்ளியாக்கி ஃபிலிமில் ஏற்றிவிட்டது. தையலை அப்படியே படமெடுத்து அடித்தால் கிடைப்பது பிரிண்ட் டிசைன் அல்ல, ஒரு போர்வையின் போட்டோ. வாங்குகிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிடுவார்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். நீங்கள் ‘நல்ல பக்கம்’ என்று படமெடுத்தது, அதைத் தைத்தவர்களுக்கு உள்பக்கம். தோடர்கள் முகம் என்று கொள்வது கொஞ்சம் முரடாக, நூல் எழும்பி நிற்கிற மறுபக்கத்தை. போர்வையை இப்போதே எடுத்து அந்தப் பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். ஆங்காங்கே நூல் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கை தவறி வந்ததில்லை அது. ஊசி ஓட்டும்போதே வேண்டுமென்று தளர விடுகிறார்கள், அதனால்தான் பூ புடைத்துத் தெரிகிறது. துணியில் வரைந்துகொள்வது கிடையாது, டிரேஸ் கிடையாது, ரிங் மாட்டுவது கிடையாது. முரட்டுப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, ஒற்றை ஊசியால் சிவப்பையும் கறுப்பையும் கோத்துக்கொண்டே போவார்கள். தெரியாதவர்கள் தறியில் நெய்தது என்றே சொல்வார்கள். அந்தத் தையலுக்குப் பெயர் புகூர், பூ என்று அர்த்தம். போர்வைக்குப் பெயர் பூத்துக்குளி. விசேஷத்துக்குப் போர்த்திக்கொள்வதும் அதுதான், இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அதுதான். அதை நைட்டியில் அடிக்கலாமா என்பதை உங்கள் மனசுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது தம்பியின் பயத்துக்கு வருவோம். ‘தோடர் எம்பிராய்டரி’ 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தோடர் நலவாழ்வு சங்கம், கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன், அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் மூன்றும் சேர்ந்து விண்ணப்பித்து வாங்கியது. இந்தச் சட்டம் முக்கியமாகக் காப்பது பெயரை. நீலகிரியில் தோடர் கையால் தைக்காத ஒன்றை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஆக, உங்கள் பிரிண்டுக்கு ‘தோடா எம்பிராய்டரி குர்த்தி’ என்று பெயர் வைத்து ஆன்லைனில் ஏற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். சிறைத் தண்டனை வரைக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ‘தோடா பிரிண்ட்’, ‘தோடா ஸ்டைல்’ என்று சுற்றி வளைத்தாலும் வக்கீல் அதே சந்தில்தான் வந்து நிற்பார்.

பெயரே போடாமல் வடிவத்தை மட்டும் எடுத்தால்? சட்டம் இங்கேதான் வழுக்குகிறது. தலைமுறை தலைமுறையாக வருகிற பூவை யார் வரைந்தார் என்று சொல்ல முடியாது, அதனால் பதிப்புரிமை பிடிமானம் குறைவு. புவிசார் குறியீடும் வடிவத்துக்கு நேரடியாகக் காவல் நிற்பதில்லை. தம்பி பாதி சரி என்று சொன்னது இதனால்தான். 2025 ஜூனில் மிலான் ஃபேஷன் ஷோவில் பிராடா கொண்டுவந்த செருப்பு நம் கோலாப்பூரி மாதிரியே இருக்கிறது என்று ஊரே பேசியதே, அவர் அதைப் படித்துத்தான் பயந்திருப்பார். கோலாப்பூரிக்கு 2019இலேயே குறியீடு உண்டு. ஆனாலும் பொதுநல வழக்கு போட்டவர்களைப் பம்பாய் உயர் நீதிமன்றம், ‘குறியீட்டின் சொந்தக்காரர்கள் நீங்கள் இல்லையே’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. கோர்ட்டில் தப்பினாலும் பிராடா, மூலம் இந்தியச் செருப்புதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

வெளியூர்க் கதைகளிலும் இப்படித்தான். அமெரிக்காவில் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ், ஜட்டியில் ஆரம்பித்து சாராயக் குப்பி வரைக்கும் ‘நவஹோ’ என்று பெயர் வைத்து விற்றது. நவஹோ பழங்குடி மக்கள் 2012இல் வழக்குப் போட்டார்கள், 2016இல் சமரசமாகி உரிமம் பெற்று விற்பதாக ஒப்பந்தம் ஆனது. அங்கே பிடிமானத்துக்குப் பெயர் இருந்தது, அடுத்த கதையில் வடிவம் மட்டும்தான். 2019இல் நைக்கி ஒரு ஷூவில் பனாமாவின் குனா பழங்குடிப் பெண்கள் தைக்கும் ‘மோலா’ வடிவத்தைப் போட்டது. போதாததற்கு அதைப் புவேர்ட்டோ ரிக்கோவின் கலை மாதிரி விளம்பரமும் செய்தது. குனா மக்கள் எதிர்த்ததும் ஷூவையே நிறுத்திவிட்டார்கள். நைக்கிக்கு அது ஒரு ஷூ. உங்களுக்கு 600 பீஸ் திரும்பி வந்தால் அந்த வருஷமே போச்சு.

‘தோடர்கள் கொஞ்சம் பேர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது’ என்று உங்கள் மாஸ்டர் அடுத்துக் கேட்பார். கொஞ்சம் பேர்தான், ஏறக்குறைய இரண்டாயிரம். ரோட்டரி மிஷின் நிமிடத்துக்கு முப்பது நாற்பது மீட்டர் ஓடும். மாஸ்டர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆளுக்கு ஒரு முழம் வீதம் அத்தனை பேருக்கும் துணி தயார். தோடர் குடியிருப்பான மந்தில் உட்கார்ந்து இழை எண்ணுகிற ஒரு பெண் இந்த வேகத்தோடு போட்டி போட முடியுமா? ‘இதே டிசைன் ஈரோட்டில் 400 ரூபாய்க்குக் கிடைக்குதே’ என்று ஒரு சுற்றுலாப் பயணி அவரிடம் சொல்வதற்கு நீங்கள் ஒருவர் போதும். கேஸை விட எனக்கு உறுத்துவது இதுதான்.

சரி, ஆர்டரை விடவா முடியும்? விட வேண்டாம், பிரித்துக்கொள்ளுங்கள்.

600இல் ஐம்பதோ அறுபதோ பீஸை பிளெய்ன் துணியில் தையுங்கள். கழுத்துப் பட்டிக்கோ கையோரத்துக்கோ வைக்க நிஜமான தோடர் தையலில் துண்டுகள் வாங்குங்கள். குன்னூர், ஊட்டிப் பக்கம் தோடர் பெண்கள் குழுக்களாகச் செய்து தருகிறார்கள். ஊட்டிக் கடைவீதியில் விசாரிப்பதை விட நேராக அவர்களின் சங்கத்திடம் போனால் காசு கைக்குக் கை போகும். பையர் ‘பதினைந்து நாளில் வேணும்’ என்பார். இது கை வேலை, வாரக் கணக்கில் ஆகும் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். பாதிக்கு மேல் முன்பணமாகக் கொடுங்கள். இத்தனை சென்டிமீட்டர், இத்தனை துண்டு, இந்த விலை என்று தமிழில் ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். ‘இந்த டிசைனை வேறு யாருக்கும் தரக் கூடாது’ என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம், அது அவர்கள் வீட்டுச் சொத்து. இன்ன பூவைக் கழுத்துக்குத் தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னால் பேரம் பேசாதீர்கள். அந்த பீஸ்களுக்கு டேகில் ‘தோடர் எம்பிராய்டரி’ என்று போட விரும்பினால், குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர்கள் தைத்ததுதானா என்று அதே சங்கத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீலகிரி தூரம் என்றால் சேலம் தாண்டி தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் சிட்டிலிங்கி இருக்கிறது. அங்கே லம்பாடிப் பெண்கள் ‘போர்கை’ (Porgai) என்ற பெயரில் தங்கள் பாட்டிமார் தையலை மீட்டெடுத்துச் செய்கிறார்கள். ‘பையர் டிரைபல் என்றுதான் கேட்டார், லம்பாடி டிரைபலா’ என்று கேட்காதீர்கள். இதே மக்கள் தெலங்கானாவில் பழங்குடி, கர்நாடகத்தில் பட்டியல் சாதி, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். மாநில எல்லை தாண்டினால் மாறிப்போகிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கலெக்‌ஷனுக்குப் பெயர் சூட்டினால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும்.

மீதி ஐந்நூற்றுச் சொச்சத்துக்குப் பிரிண்ட் வேண்டும். தோடரிடமிருந்து நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்று இருக்கிறது, அது பூ இல்லை, எண்ணுகிற முறை. ஒரு கிராஃப் நோட்டு வாங்குங்கள். வளைகோடே கிடையாது, கட்டம் கட்டமாக மட்டும்தான் நிரப்பலாம் என்று விதி வைத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பொருள் ஒன்றை வரையுங்கள். ஈரோட்டுக்காரருக்கு மஞ்சளை விட்டால் வேறென்ன? விரலி மஞ்சள் கிழங்கிலிருந்து கிளை பிரிகிறதே, அதைக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். நான் இந்தப் பதிலை எழுதும்போதே ஒரு தாளில் போட்டேன். நாலாவது வரிசையிலேயே அது கிழங்கும் இல்லாமல் கொம்பும் இல்லாமல் புதிதாக ஒன்றாக நின்றது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு மூன்றையும் சேர்த்துத் தொடாதீர்கள். அந்த மூன்றையும் பட்டையாகப் போட்டாலே தோடர் போர்வை வந்துவிடும், பிறகு கிழங்கு வரைந்து பிரயோஜனமில்லை. மேலும் வெள்ளைத் தரையில் அடர் சிவப்பு என்பது வாஷிங்கில் வம்பு. ரியாக்டிவ் சாயம் என்றால் அடித்த பிறகு சோப்பில் அலசுவது கொஞ்சம் குறைந்தாலும் வெள்ளை ரோஸாகிவிடும், பிக்மென்ட் என்றால் உரசலில் சாயம் வரும். சாயத்தைச் சூட்டில் பிடிக்க வைக்கிற கியூரிங்கைக் குறைத்து கரண்ட் மிச்சம் பிடிக்கிற பிரிண்டரிடம் அடர் நிறமே கொடுக்காதீர்கள்.

அப்படிச் சொந்தமாக ஒரு டிசைன் வந்துவிட்டால் யாருக்கும் காட்டும் முன் பதிவு செய்துவிடுங்கள். டிசைன் பதிவு பத்து வருஷம், பிறகு ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். உங்கள் குர்த்தி விற்க ஆரம்பித்த மறுமாதம் பக்கத்துத் தெருக்காரர் ‘முப்பது பர்சன்ட் மாற்றி’ அடிக்கும்போது அது கைகொடுக்கும்.

அடுத்து அந்த ‘டிரைபல் பேக்’. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஒரே ஃபோல்டரில் இறகு, அம்பு, ஆப்பிரிக்க முகமூடி, நியூசிலாந்தின் மாவோரி சுருள், வைரக்கட்டம், வார்லி. உலகத்துப் பழங்குடிகள் எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றின மாதிரி இருக்கிறது. அதில் நெற்றியும் தாடையுமாகச் சுருள் போட்டிருக்கும் முகம், மாவோரிகளின் ‘மோக்கோ’. ஒருவருடைய வம்சாவளியை அவர் முகத்தில் எழுதுவது. யாருடைய குலத்தையோ நைட்டியில் அடிக்க வேண்டாம், அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

‘ஆப்பிரிக்கன் பிரிண்ட்’ என்று ஒரு கோப்பு இருக்கிறதே, அதன் கதை வேடிக்கை. மெழுகு பூசிச் சாயமிடுகிற ஜாவாவின் பாத்திக்கை மலிவாக மிஷினில் செய்து அங்கேயே விற்கலாம் என்று டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். மெழுகு வெடித்த கீறல் மிஷினில் தாறுமாறாக விழுந்தது. ஜாவாக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களுக்கு அதே கீறல் பிடித்துப்போனது. டிசைனுக்கு டிசைன் பெயர் வைத்து, பழமொழி ஏற்றி, தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1846இல் தொடங்கிய விலிஸ்கோ கம்பெனி நெதர்லாந்தின் ஹெல்மண்டிலிருந்து இன்னமும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. துணி உலகத்தில் கடன் வாங்காதவர் யாருமில்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் பேக்கில் அந்தப் பெயர்களும் இல்லை, பழமொழிகளும் இல்லை, வெறும் கோடுதான் இருக்கிறது.

வார்லிக்கு வருகிறேன். நீங்கள் வார்லி என்று அனுப்பிய ஆறு படத்தில் இரண்டு வார்லியே இல்லை, ஒடிசாவின் சவரா ஓவியம். வார்லியில் மனித உடம்பு இரண்டு முக்கோணம், நுனியோடு நுனி முட்டி இடுப்பு ஊசி மாதிரி இருக்கும். சவராவில் உருவம் நீண்டு ஒல்லியாக இருக்கும், இடுப்பு அவ்வளவு கூராக ஒடியாது. முதலில் ஓரச்சட்டத்தைப் போட்டுவிட்டு அங்கிருந்து உள்ளே வரைந்து நிரப்புவார்கள். கடையில் இரண்டையும் ‘வார்லி’ என்று விற்கிறார்கள் என்பதால் நாமும் விற்க வேண்டியதில்லை. வார்லி ஓவியத்துக்கு 2014இல் குறியீடு கிடைத்தது. தவிர, வார்லியில் பேர் தெரிந்த ஓவியர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜிவ்யா சோமா மாஷே 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2018இல் காலமானார். அவர் வரைந்ததற்குப் பதிப்புரிமை இறந்த பிறகும் 60 ஆண்டு நிற்கும். உங்கள் டிசைனர் இணையத்திலிருந்து இறக்கியதில் எது பொது, எது ஒருவர் கைவேலை என்று அவருக்கே தெரியாது. இங்கே சட்டம் வழுக்காது, பிடித்துக்கொள்ளும்.

வார்லியில் நானே சூடு பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்காக வார்லி பெட்ஷீட் போட்டோம். நடுவில் அழகாக ஒரு சதுரம், உள்ளே ஒரு உருவம், சுற்றிலும் ஆட்டம். புத்தகத்தைப் பார்த்து வரைந்தது நான்தான். சாம்பிளோடு டெல்லிக்குப் போனபோது கைவினைச் சந்தையில் ஒரு வார்லிக்காரர் கடை போட்டிருந்தார், பெருமையாக விரித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. துணியைப் பிடித்து மெதுவாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் திருப்பி வைத்தார். அந்தச் சதுரம் ‘சௌக்’, கல்யாண வீட்டுச் சுவரில் சுமங்கலிப் பெண்கள் அரிசி மாவால் எழுதுவது. உள்ளே இருப்பது பாலகாட் தேவி. டிசைன் திரும்பத் திரும்ப வருகிற ரிப்பீட் எளிதாக இருக்கட்டும் என்று ஒன்று விட்டு ஒன்றை நான் கவிழ்த்துப் போட்டிருந்தேன். பாதி தேவிகள் தலைகீழாக, அதுவும் காலடியில். பையர் அதைக் கவனிக்கவேயில்லை, ஆர்டரும் போனது. அந்த மனிதர் துணியைத் திருப்பி வைத்த விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தப்பில் உங்களுக்கு ஒரு தொழில் பாடமும் இருக்கிறது. ஆள், மாடு, மரம் என்று தலையும் காலும் உள்ள எந்த டிசைனும் ஒன்-வே, ஒரே திசையில்தான் வைக்க முடியும். குர்த்தி கட்டிங்கில் துணி மிச்சம் பிடிக்க முன்பாகத்தை ஒரு திசையிலும் பின்பாகத்தை எதிர்த் திசையிலும் லே போடுவார்கள். ஒன்-வே டிசைனில் அப்படிப் போட்டால் முதுகில் எல்லாரும் தலைகீழாக ஆடுவார்கள். ஒரே திசையில் போட்டால் துணி கூடுதலாகப் பிடிக்கும், அதைக் காஸ்டிங்கில் ஏற்றாமல் விலை சொல்லிவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில். வார்லியே வேண்டும் என்று பையர் பிடிவாதம் பிடித்தால், ஒரு வார்லி ஓவியரிடம் துணிக்கென்றே வரையச் சொல்லுங்கள். வரைவதற்கு ஒரு தொகை, அச்சாகும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தொகை, டேகில் அவர் பெயர். குர்த்திக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் கூடும், அதைச் சொல்லியே விற்கலாம். அவரே வரைந்தால் தேவியை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதும் அவர் பொறுப்பு.

டேக் விஷயம் சுருக்கம்தான். என்ன செய்தீர்களோ அதை எழுதுங்கள். ‘டிசைன்: ஈரோடு, எங்கள் பட்டறை. ஸ்கிரீன் பிரிண்ட். 100% காட்டன்.’ ஸ்கிரீனில் அடித்ததை ‘ஹேண்ட் பிளாக்’ (மர அச்சால் கையில் அடித்தது) என்று போடாதீர்கள், தெரிந்தவர் ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ‘டிரைபல்’ என்ற சொல்லைப் பையர்தான் கேட்கிறார் என்றால் அது அவர் பக்கத்து விளம்பரத்தோடு நிற்கட்டும், உங்கள் பில்லிலும் டேகிலும் வர வேண்டாம். அவரிடம், ‘மஞ்சள் சீரிஸ் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்று ஒரு மீட்டர் அடித்து அனுப்புங்கள். பெங்களூர்க்காரர்களுக்குக் கதை பிடிக்கும்.

அடித்த 40 மீட்டரைச் சந்தையில் தள்ளிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிரிண்ட் டேபிளுக்கு அடித்துணி எப்படியும் வேண்டும்தானே, அங்கே விரித்துவிடுங்கள். இரண்டு ஸ்கிரீன் வீணாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்கிரீன் மேல் பூசிய கோட்டிங்கை ஹார்டன் செய்து நிரந்தரமாக்காமல் வைத்திருந்தால் கெமிக்கல் போட்டுக் கழுவிவிடலாம், மெஷ் என்கிற வலைத்துணிக்கு ஒன்றும் ஆகாது. நாளை காலையில் மாஸ்டர் ஹார்டனர் டப்பாவைத் திறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.